தெற்கு திறந்த வீடு

அந்த ஜன்னலின் நடுவில் ஒரு மரக்கோல் இருக்கும். கட்டைவிரல் பருமன். பச்சை பெயின்ட் அடித்த ஜன்னல் கதவில் மூன்று விரல் அகலப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு பலகையும் சின்ன இரும்பு வளையத்தால் அந்தக் கோலோடு கோத்திருக்கும். கோலை மேலே தள்ளினால் எல்லாப் பலகையும் ஒரே சமயத்தில் விரியும். கீழே இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். வங்காளத்தில் அதற்குக் கொர்கொரி என்று பெயர். எங்கள் வீட்டுக் கொர்கொரியின் கோலில் அம்மாவின் கை படும் இடம் மட்டும் பெயின்ட் போய், மரம் வழவழவென்று கறுத்திருந்தது.

1960களில் கல்கத்தாவின் டாகுரியாவில், ஏரிக்குத் தெற்கே ஒரு சந்தில், அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு டல்ஹவுசி சதுக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்கர் வேலை. லேக் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் அம்மாவுக்கு அந்த வீடு பிடிக்க முதல் காரணம். முருங்கைக்காயும் வாழையிலையும் காபிப்பொடியும் அங்கேதான் கிடைக்கும். மாடியில் வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மாளை நாங்கள் எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடுவோம். சித்தி, பெரியம்மாவைக் கூப்பிடுவது போல.

வாசலில் திண்ணை. அவர்கள் அதை ரோவாக் என்பார்கள். உள்ளே கறுப்புக் கரை போட்ட சிவப்பு சிமென்ட் தரை, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி. பின்னால் ஒரு குளம். கும்பகோணத்துப் பக்கம் பிறந்த அம்மா அந்த வீட்டுக்குள் முதல் முறை நுழைந்தபோது, "நம்ம ஊர் வீடு மாதிரியே இருக்கே" என்றாளாம். இதை அப்பா ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரம் மைல் தள்ளி வந்தும் திண்ணையும் முற்றமும் சிவப்புத் தரையும் அவளுக்கு முன்னால் வந்து காத்திருந்தது அவருக்கு ஆச்சரியம்.

எனக்கு இப்போது அதில் ஆச்சரியம் இல்லை. காவிரிக் கழிமுகத்திலும் கங்கைக் கழிமுகத்திலும் வெயிலும் புழுக்கமும் ஒன்றுதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்று ஓடினால்தான் வியர்வை காயும். ராஜஸ்தானில் இரண்டடிச் சுவர் வைத்து வெயிலைத் தடுத்தால் போதும். இரவில் அங்கே குளிர்ந்துவிடும். இங்கே இரவிலும் புழுங்கும். ஆகவே வீடு மூச்சு விட வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட கொத்தனார்கள் இரண்டு ஊரிலும் ஒன்றையேதான் கட்டியிருக்கிறார்கள்.

தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் உண்டு. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. அம்மா இவற்றைப் புத்தகத்தில் படித்தவளில்லை. மாசி கழிந்ததும் சாயங்காலம் தெற்கு ஜன்னல் கோலை மேலே தள்ளிவிட்டு, "தென்றல் வந்தாச்சு" என்பாள். அதே நேரத்தில் மாடியிலிருந்து மாஷிமா தன் மருமகளிடம் "தொக்கினா பதாஷ்" என்று சொல்வது கேட்கும். தெற்குக் காற்று. இரண்டு பேரும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே ஒரே காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாஷிமாதான் எனக்குக் கனாவைப் பற்றி முதலில் சொன்னவர். கனா வங்காளத்து நாட்டார் மரபின் மூதறிஞர். விதைப்பு, மழை, வீடு எல்லாவற்றுக்கும் அவர் பெயரில் வாக்குகள் உண்டு. வீடு கட்டுகிறவன் கிழக்கே வாத்து நீந்தக் குளம் வைக்க வேண்டும், மேற்கே மூங்கில் நட வேண்டும், தெற்கைத் திறந்து விட வேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் வாக்கின் சாரம். சின்ன வயதில் அது எனக்கு விடுகதை மாதிரி இருந்தது. மேற்கே மூங்கில் இருந்தால் பிற்பகல் வெயில் சுவரில் விழாது; சித்திரை, வைகாசியில் வடமேற்கிலிருந்து பாயும் கால்பைசாகிப் புயலின் முதல் அடியையும் மூங்கில் வாங்கிக்கொண்டு வளைந்து நிமிரும். கிழக்கே தண்ணீர் இருந்தால் காலை வெயிலின் சூடு தணியும். தெற்கே தடையில்லாவிட்டால் வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்பும் காற்று நேரே படுக்கைக்கு வரும். ஒரு கட்டடக் கலைக் கல்லூரியின் ஒரு வருடப் பாடம் அந்த ஒரு மூச்சில் அடங்கிவிடுகிறது.

எங்கள் சந்தில் அந்த மூன்றும் இருந்தன. அதற்காக அந்த வீடு சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஒரே கழிவறை. மழைக்காலத்தில் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூக்கும். சிவப்புத் தரை ஆவணி மாதத்துப் புழுக்கத்தில் தானாகவே வியர்க்கும், கால் வழுக்கும். கொசு உண்டு, கரப்பான் பூச்சி உண்டு. ஆனால் பெருமழை பெய்து சந்தில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் மறுநாள் மத்தியானத்துக்குள் எங்கே போனதென்று தெரியாமல் போய்விடும். அது குளத்துக்குத்தான் போனது. குளத்திலிருந்து மெதுவாக மண்ணுக்குள் இறங்கியது.

1970களில் கல்கத்தாவில் மின்வெட்டு அன்றாடம். லோட்ஷெடிங் என்ற சொல் வங்காளிக் குழந்தைகளுக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் பேச்சில் ஏறியது. விளக்கு போனதும் சந்து முழுவதும் "ஹோ" என்று ஒரு குரல் எழும். அம்மா அரிக்கேனை ஏற்றுவாள். நான் தரையில் வெறும் பாயைப் போட்டு ஜன்னலோரம் படுப்பேன். அந்த ஜன்னல் கிட்டத்தட்டத் தரையிலிருந்து தொடங்கும். கம்பிகள் என் தோளுக்கு நேராக இருக்கும். மேல் பாதிக் கதவு தனி, கீழ்ப் பாதிக் கதவு தனி. இரவில் கீழ்ப் பாதியை மட்டும் திறந்து வைத்தால் படுத்திருப்பவர் மேல் காற்று படும்; தெருவில் போகிறவர் கண் உள்ளே படாது. மின்விசிறி நின்று போன அந்த இரவுகளில் நான் நன்றாகவே தூங்கினேன். அது ஒரு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

*

சால்ட் லேக்கில் நான் கட்டிய வீட்டுக்கு 1984இல் குடிபுகுந்தோம். அந்த வருடம் அக்டோபரில்தான் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் நடுவே நாட்டின் முதல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. கல்கத்தா புதிதாகிக்கொண்டிருந்தது. நானும் புதிதாக வேண்டும் என்று நினைத்தேன்.

சால்ட் லேக் என்ற பெயரே அந்த நிலத்தின் கதையைச் சொல்லிவிடும். கல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கரைமேட்டில் உட்கார்ந்த ஊர். ஆற்றோரம் உயரம், கிழக்கே போகப் போகச் சரிவு. ஊர் மழைநீரெல்லாம் ஆற்றை விட்டுக் கிழக்கே உப்பேரிச் சதுப்புக்குத்தான் ஓடும். முதலமைச்சர் பிதான் சந்திர ராய் காலத்தில், 1962இல், அந்தச் சதுப்பின் வட பகுதியை நிரப்பத் தொடங்கினார்கள். ஹூக்ளியின் அடியிலிருந்து வண்டலைத் தோண்டி, தண்ணீரோடு கலந்து, குழாய் வழியே கொண்டுவந்து கொட்டினார்கள். ஊரை வரைந்தவர் யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் டோப்ரிவோயே டோஷ்கோவிச். அகலமான சாலைகள், இரண்டு எழுத்துப் பெயர் கொண்ட பிளாக்குகள், பிளாக்குக்கு ஒரு பூங்கா. நிலம் 999 வருடக் குத்தகை. எனக்கு நாலு கட்டா கிடைத்தது; 2,880 சதுர அடி.

அப்போது நான் என்ஜினியரிடம் கேட்டவை எல்லாம் இன்றும் வரிசையாக நினைவிருக்கின்றன. திண்ணை வேண்டாம், யாராவது வந்து உட்காருவார்கள். முற்றம் வேண்டாம், மழை உள்ளே வரும். சிவப்புத் தரை வேண்டாம், மொசைக் போடுங்கள். சுற்றிலும் ஏழடி மதில். வெளித்தரையெல்லாம் சிமென்ட், சேறு மிதிபடக் கூடாது. வாசலில் ஏற்கெனவே நின்றிருந்த ஒரு கிருஷ்ணசூடா மரத்தை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. நம்மூரில் அதை மயில்கொன்றை என்றும் சொல்வார்கள். அதன் தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வட்டம் விட்டுவிட்டு மற்ற இடம் முழுக்கச் சிமென்ட் பூசினோம். அம்மா வந்து பார்த்தாள். மொட்டை மாடிக்கு ஏறிக் கிழக்கே நல்பன் பக்கம் மினுங்கிய மீன்குளங்களைப் பார்த்தாள். கீழே இறங்கி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "காத்து எந்தப் பக்கம்டா வரும்?" நான் சீலிங் ஃபேனைக் காட்டினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தோம். திருட்டு பயத்தில் பால்கனிக்குக் கிரில். தூசி பயத்தில் கிரிலுக்கு உள்ளே கண்ணாடி. 2003இல் மரக்கதவு ஜன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியச் சறுக்கு ஜன்னல், படுக்கையறைகளுக்கு ஏசி. சறுக்கு ஜன்னலில் ஒரு கதவு இன்னொரு கதவின் பின்னால்தானே போய் நிற்கும். எவ்வளவு திறந்தாலும் பாதி ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கும். பதினேழு வருடம் அந்த ஜன்னலைத் தினமும் தள்ளியிருக்கிறேன். ஒரு நாளும் இது எனக்குத் தோன்றவில்லை.

டாகுரியா வீட்டை 2009இல் இடித்தார்கள். மாஷிமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. பேரன்கள் புரமோட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். குளம் அதற்கு முன்பே போய்விட்டது. மேற்கு வங்காளத்தில் குளத்தை நிரப்பக் கூடாது என்று சட்டம் உண்டு. 1984ஆம் வருடத்து உள்நாட்டு மீன்வளச் சட்டம். ஆனாலும் குளம் ஒரே நாளில் போவதில்லை. முதலில் கரையில் குப்பை விழும், பிறகு இடிபாட்டுக் கல், பிறகு ஆகாயத்தாமரை மூடும், ஒரு நாள் பார்த்தால் பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் போன அன்று நடைபாதையில் ஜன்னல் கதவுகள் சாய்த்து வைத்திருந்தன. பழைய மரச் சாமான் வாங்குகிறவர் விலை பேசிக்கொண்டிருந்தார். ஒரு ஜோடியில் கோல் கறுத்திருந்தது. காசு கொடுத்து வாங்கி, டாக்ஸியின் மேல் கட்டிக் கொண்டுவந்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மாடிப்படிக்குக் கீழே சாக்கைச் சுற்றி வைத்துவிட்டேன்.

2015 வாக்கில் எழுத்தாளர் அமித் சௌதுரி, கல்கத்தாவின் இந்த மாதிரி வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் இயக்கமே தொடங்கினார். ராஜாக்களின் மாளிகைகளைப் பற்றியோ ஆங்கிலேயரின் கட்டடங்களைப் பற்றியோ அவர் பேசவில்லை. வக்கீலும் டாக்டரும் குமாஸ்தாவும் குடியிருந்த பச்சை ஜன்னல், சிவப்புத் தரை வீடுகளைப் பற்றித்தான் பேசினார். அதைப் படித்த இரவில் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைத்தேன்.

*

2020 மே 20 இரவு அம்பன் புயல் கொல்கத்தாவைக் கடந்தது. ஊரடங்கு நாட்கள். கட்டடக் கலைஞரான என் மகள் பெங்களூரிலிருந்து மார்ச்சில் வந்தவள் திரும்ப முடியாமல் எங்களோடு இருந்தாள். இரவு எட்டு மணிக்குமேல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அலுமினியச் சட்டத்தின் இடுக்கில் மழை ஊசியாகப் பாய்ந்து மெத்தையை நனைத்தது. ஒரு கட்டத்தில் வாசலில் யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம்.

காலையில் கிருஷ்ணசூடா படுத்துக் கிடந்தது. மதிலின் மேல் கிளைகள், பூவோடு. வேர் மொத்தமும் மேலே தெரிந்தது. அதன் வடிவத்தைப் பார்த்துவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். நான் விட்டிருந்த ஒரு முழ வட்டத்துக்குள்ளேயே வேர் சுற்றிச் சுற்றிக் கூடை முடைந்திருந்தது. முப்பத்தாறு வருடமாக அந்த மரத்துக்குக் கால் நீட்ட இடமில்லை. ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. நடைபாதையின் சிமென்ட் கழுத்தைப் பிடித்திருந்த மரங்கள் பல அப்படித்தான் கிடந்தன.

மின்சாரம் ஐந்து நாள் வரவில்லை. வெளியே புயலுக்குப் பிந்தைய தெளிந்த வானம், நல்ல காற்று. உள்ளே மூச்சு முட்டியது. இரண்டாவது இரவு என் மனைவி எழுந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "டாகுரியா வீட்டுல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "தூங்குவோம்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது.

மூன்றாம் நாள் மகள் பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்தாள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலைத் திறந்து வைத்து, நடுவில் ஒரு பத்தியைக் கொளுத்தி, தரையில் உட்கார்ந்து புகையைப் பார்த்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். எங்கள் படுக்கையறையில் புகை நூல் பிடித்த மாதிரி நேரே மேலே போய், கூரையில் முட்டி, அங்கேயே தங்கியது. கூடத்தில் கொஞ்சம் சுழன்று இறங்கியது. சமையலறையில் உள்ளேயே வட்டமடித்தது. மாடிப்படியில் மட்டும் புகை ஓடியது. பத்தியை வைத்த கையை எடுப்பதற்குள் படிகளில் ஏறி மொட்டை மாடிக் கதவின் இடுக்கு வழியாக வெளியே போனது.

"அப்பா, வீடு மூச்சு விட ஒரே ஒரு மூக்குதான் வெச்சிருக்கீங்க. அதையும் கதவு போட்டு மூடியிருக்கீங்க" என்றாள்.

வீட்டைத் திருத்திக் கட்டுவது என்று முடிவானது. அவள் வரைந்த வீடு அந்தப் படிக்கட்டிலிருந்துதான் தொடங்கியது. படிக்கு மேலே இருந்த அறையின் வடக்குப் பக்கத்தை முழுக்கச் சாய்பலகை போட்டுத் திறந்தாள். சூடான காற்று தானாக மேலே ஏறி அந்த வழியாகப் போகும். போகிற காற்று தெற்கிலிருந்து புதுக் காற்றை உள்ளே இழுக்கும். தெற்குச் சுவரில் ஜன்னல்களைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கினாள். "காத்து படுத்திருக்கிற ஆள் மேல படணும், சீலிங் மேல இல்ல" என்றாள். அம்மா பாய் விரித்த ஜன்னலை அவள் பார்த்ததே கிடையாது. ஜன்னலுக்கு மேல் இரண்டரை அடி சன்ஷேடு. கொல்கத்தாவில் ஜூன் மாத நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்தச் சன்ஷேடு போதும், வெயில் சுவரைத் தொடாது. டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து பாதி வானத்தில் நிற்பதால் அதே சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வெயில் கூடத்தின் நடுவரை வரும். தெற்கு வாசலை இந்த ஊரில் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதற்குச் சூரியனும் காற்றும் சேர்ந்து சொல்லும் பதில் இது.

மேற்கே கழிவறைகளையும் சாமான் அறையையும் தள்ளினாள். அந்தச் சுவரை மட்டும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட்-ட்ராப் முறையில் கட்டினோம். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவது. சுவருக்கு நடுவே காற்றறை விழும், வெயில் உள்ளே இறங்காது, செங்கலும் கால்வாசி மிச்சம். அதற்கு வெளியே மூங்கில்.

எனக்கு அவளோடு ஒரு பெரிய தர்க்கம் கண்ணாடியைப் பற்றி. இப்போது பத்திரிகைகளில் இயற்கையோடு இணைந்த வீடு என்று வருகிற படங்களிலெல்லாம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அந்தப் பக்கம் புல்வெளி. எனக்கும் ஆசையாக இருந்தது. அவள் மறுத்துவிட்டாள். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே வந்த சூட்டை வெளியே விடாது. குளிர்நாட்டுக்காரனுக்கு அது வரம், நமக்கு அடுப்பு. அப்புறம் புதுச்சேரியின் கோல்கொண்டாவைப் பற்றிச் சொன்னாள். மாணவியாக இருந்தபோது போய்ப் பார்த்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம், அன்டோனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நாகாஷிமா அங்கேயே தங்கிக் கட்டியது, 1937இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அதன் தெற்கிலும் வடக்கிலும் சுவரும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. கூரை முதல் தரை வரை திருப்பக்கூடிய சாய்பலகைகள்தான். அறைக்கும் நடைக்கும் நடுவே காற்றை விட்டுக் கண்ணை மறைக்கும் தேக்குச் சட்டக் கதவுகள். கூரைத் தளத்துக்கு மேல் இடைவெளி விட்டு வளைந்த ஓடுகள். வெயில் அந்த ஓட்டோடு நின்றுவிடும்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது கொர்கொரிதானே! கல்கத்தாவில் பிறந்த அரவிந்தரின் ஆசிரமத்தில், செக் நாட்டில் பிறந்த ஒருவரும் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த ஓர் அமெரிக்கரும் சேர்ந்து, தமிழ்க் கடற்கரைக் காற்றுக்காக, ஒரு கட்டடம் முழுவதையும் ஒரே கொர்கொரியாகச் செய்திருக்கிறார்கள். நவீனம் என்று நான் எதையெல்லாம் கழற்றி எறிந்தேனோ, அதைத்தான் உலகத்தின் நல்ல நவீனக் கட்டடக் கலைஞர்கள் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வேலை நடந்த நாட்களில் ஒரு முறை ரயிலேறி மூன்று பேரும் சாந்திநிகேதன் போய்வந்தோம். ரவீந்திரநாத் தாகூர் அங்கே உத்தராயண வளாகத்தில் ஒரே வீட்டில் நிலைத்து இருந்தவரில்லை. உதயன், கொனார்க், ஷியாமளி, புனஸ்ச, உதீசி என்று ஐந்து வீடுகள். 1935இல் எழுந்த ஷியாமளி மண் வீடு. வரைந்தவர் சுரேந்திரநாத் கர். வெளிச்சுவரில் நந்தலால் போஸும் ராம்கிங்கர் பைஜும் மாணவர்களும் வடித்த புடைப்பு உருவங்கள். 1940இல் காந்தியும் கஸ்தூர்பாவும் அங்கே தங்கினார்கள். உலகமெல்லாம் சுற்றி வந்த, எந்த மாளிகையிலும் இருக்க வசதியுள்ள ஒரு மனிதர் எழுபத்து நாலாவது வயதில் காலடி மண்ணையே சுவராக எழுப்பிக் குடியிருந்திருக்கிறார். என் மனைவி அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றாள். ஊருக்குத் திரும்பும் வழியில், "சிமென்ட் தரையை உடைக்கிறதுன்னா உடைச்சுடலாம்" என்றாள். அதுவரை அவள் சம்மதிக்கவில்லை.

உடைத்தோம். மூன்றடி ஆழத்துக்கு மண் போட்டோம். மறு ஆனியில் முதல் பெருமழை பெய்தபோது நான் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். முன்பெல்லாம் அரை மணியில் கணுக்கால் அளவு நின்று, சாலைக்கு ஓடி, அங்கேயும் தேங்கி, கடைசியில் பம்பு வைத்து இறைக்கும் வரை நிற்கிற தண்ணீர், கண்ணெதிரே மண்ணுக்குள் போனது. போகிறபோது சின்னச் சின்னக் குமிழி விட்டது.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. டெங்கு இருக்கிற ஊர் இது. வீட்டைத் திறந்து போடு என்று சும்மா சொல்லிவிட முடியாது. எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தோம். வலை காற்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் மகள் ஜன்னல்களைத் தேவைக்கு மேல் பெரிதாக வைத்தாள். ஒரு அறையில் ஏசியும் உண்டு. வைகாசியில் மூன்று வாரம் அது இல்லாமல் எங்கள் வயதில் முடியாது.

*

சிவப்புத் தரை போடத் தெரிந்தவரைத் தேட இரண்டு மாதம் ஆயிற்று. வந்தவர் அறுபதைத் தாண்டிய மிஸ்திரி, தெற்கு 24 பர்கானாக்காரர். சிமென்டில் சிவப்பு ஆக்ஸைடு பொடியைக் கலந்து, வெறும் கையால் பிசைந்து பார்த்துத்தான் பதம் சொன்னார். மேல் பூச்சு இறுகுவதற்கு முன் கரணையால் தேய்த்தார். காலையில் தேய்த்த இடத்தை மத்தியானம் மறுபடி, சாயங்காலம் மறுபடி. ஒவ்வொரு தேய்ப்பிலும் நிறம் கொஞ்சம் ஆழமாகி, கடைசியில் அவர் முகம் தரையில் மங்கலாகத் தெரிந்தது. பத்து நாள் தண்ணீர் கட்டி வைக்கச் சொன்னார். கதவைப் பூட்டிச் சாவியை அவரே எடுத்துக்கொண்டு போனார், எங்களை நம்பவில்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் தெரிந்தது, எங்கள் தெற்கு எங்கள் கையில் இல்லை என்று. தெற்கே பக்கத்து வீடு. வங்காளித் தம்பதி, எங்கள் வயது. அவரை நான் தாதா என்பேன், அண்ணன் முறை. அந்த அம்மாளைப் பௌதி, அண்ணி. அவர்கள் மகன் மேலே ஒரு மாடி எழுப்பத் திட்டம் போட்டிருந்தார். படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் சரியாக எங்கள் ஜன்னல்களுக்கு எதிரே வரும்படி பிளான். அது எழுந்தால் நாங்கள் திறந்த தெற்கெல்லாம் ஒரு சுவரைப் பார்த்து நிற்கும்.

மகளும் நானும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனோம். பௌதி டீ கொடுத்தார். மகள் பேசத் தொடங்குவதற்கு முன் அவர் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "உங்க ஏசியோட வெளி மெஷின் பதினேழு வருஷமா எங்க படுக்கையறை ஜன்னலைப் பார்த்துச் சூடா மூச்சு விட்டுக்கிட்டிருக்கு. அதுக்காகத்தான் நாங்களும் ஜன்னலை மூடி ஏசி வெச்சோம். நீங்க கேட்டதே இல்ல, நாங்க சொன்னதும் இல்ல."

என் அறையைக் குளிர வைத்த சூடு எங்கே போயிற்று என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது மதிலைத் தாண்டிப் போனது. எங்கள் சந்தில் மாஷிமா வீட்டுக் குளத்தின் குளிர்ச்சி நாலு வீட்டுக்குச் சொந்தமாக இருந்தது. யாரும் அதற்கு வாடகை கேட்டதில்லை. ஒரு வீட்டைத் தனியாக எவ்வளவு அழகாக வரைந்தாலும் காற்று அடுத்த வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். தண்ணீர் அடுத்த வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தைப் பற்றி துருவஜோதி கோஷ் என்ற என்ஜினியர் வாழ்நாளெல்லாம் சொன்னதும் இதைத்தான் பெரிய அளவில். ஊரின் கழிவுநீரை வெயிலும் பாசியும் மீனுணவாக்கித் திருப்பித் தருகின்றன. அந்த 12,500 ஹெக்டேர் 2002இல் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியதற்குப் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. நல்பன் குளங்களை மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே முப்பது வருடம் இருந்தேன். என் வீட்டுச் சாக்கடை சேருகிற உலகமும் அதுதான் என்று நினைத்ததில்லை.

அன்று பௌதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரமே அந்த மெஷினை மேற்கே, சாமான் அறைப் பக்கம் மாற்றினோம். மகள் அவர்கள் வீட்டுக்கும் ஊதுபத்தியோடு போனாள். தொட்டியையும் படிக்கட்டு அறையையும் மேற்கு மூலைக்குத் தள்ளினால் அவர்கள் புது மாடிக்கும் தெற்குக் காற்று குறுக்கே ஓடும் என்று காட்டினாள். மகன் இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார். நடுவிலிருந்த ஏழடி மதிலை நாலடியாகக் குறைத்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் பௌதி ஷியுலி நட்டார். நாம் பவழமல்லி என்கிறோம். புரட்டாசி விடியலில் பாதிப் பூ எங்கள் மண்ணில் உதிர்ந்து கிடக்கும். உதிர்ந்த பூவைப் பூஜைக்கு எடுக்கலாம் என்பது அவர்கள் வீட்டிலும் வழக்கம், எங்கள் வீட்டிலும் வழக்கம்.

சாக்கில் கிடந்த கொர்கொரி இப்போது கூடத்தின் தெற்கு ஜன்னலில் இருக்கிறது. இரண்டு பலகை உளுத்திருந்தன, தச்சர் மாற்றினார். பச்சை பெயின்ட் புதிதாக அடித்தார். கோலை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பங்குனியில் ஒரு சாயங்காலம் கோலை மேலே தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். காற்று இல்லை. மூங்கில் அசையவில்லை. மனைவி விளக்கேற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழரை மணி இருக்கும். எதிரே, பௌதி வீட்டு மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த வெள்ளைப் புடவை ஒன்று முதலில் மெல்ல உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது. அப்புறம் எங்கள் விளக்கின் சுடர் வடக்கே சாய்ந்தது.